உன் ஆட்கள் எந்த ஊர்?

ஆஸ்திரேலியப் படம் எதையாவது ஓடிடியில் போட்டால், சில நேரம் படம் தொடங்கும் முன்பு கறுப்புத் திரையில் ஒரு அறிவிப்பு வரும். இறந்துபோனவர்களின் உருவமும் குரலும் இதில் இருக்கலாம், அபாரிஜினல் மக்களும் டாரஸ் நீரிணைத் தீவு மக்களும் அதை அறிந்து பார்க்கவும் என்று. நம் ஊர் 'புகைபிடித்தல் உடல்நலத்துக்குக் கேடு' மாதிரி அதையும் கவனிக்காமல் தாண்டிவிடுவோம். ஆனால் அந்த மக்கள் எடுத்த, அல்லது அவர்களோடு சேர்ந்து எடுத்த படங்களைப் புரிந்துகொள்ள அந்த இரண்டு வரிதான் நல்ல வாசல்.

அங்கே பல சமூகங்களில் ஒருவர் இறந்தால் கொஞ்ச காலத்துக்கு அவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள், அவர் படத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். மத்தியப் பாலைவனப் பகுதியில் அதே பெயருள்ள வேறு ஆள் உயிரோடு இருந்தால் அவரையும் அந்தப் பெயரால் கூப்பிடாமல் 'குமன்ஜாயி' என்ற மாற்றுப் பெயரால் கூப்பிடுவார்கள். 2021 நவம்பரில் நடிகர் டேவிட் குல்பிலில் இறந்தபோது, ஆஸ்திரேலியப் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் குடும்பத்தார் விருப்பப்படி சில நாட்கள் அவரை டேவிட் டலாய்த்ங்கு என்றே குறிப்பிட்டன. சாவுக்கு இவ்வளவு மரியாதை. ஐம்பது வருடம் முன்னால், 1971ல், அவர் சிறுவனாக நடித்த முதல் படமான 'வாக்கபவுட்'டில் அவர் பெயரை 'கும்பிலில்' என்று தப்பாகப் போட்டிருந்தார்கள். பெயரை யார் சொல்லலாம், எப்போது சொல்லலாம் என்று இத்தனை கணக்கு வைத்திருக்கிற ஒரு சமூகத்தை, பெயரைக்கூடச் சரியாகக் கேட்டு எழுதாதவர்கள்தான் வெகுகாலம் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியுலகத்துக்குத் தெரிந்தது 'க்ராக்கடைல் டண்டீ'. கொஞ்சம் தேடிப் பார்ப்பவர்களுக்கு 'ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்'. நான் இங்கே பேச நினைப்பது அவற்றுக்குப் பின்னால் இருக்கும், பெரும்பாலும் ஆஸ்திரேலியர்களே பார்க்காத படங்களைப் பற்றி. அதற்கு முன் ஒரு விஷயம்: 'ஆதிகுடி' என்று ஒரே சொல்லில் நாம் அடக்குவது ஒரே மக்கள் இல்லை. 1788ல் வெள்ளையர் குடியேறியபோது அங்கே 250க்கு மேற்பட்ட மொழிகள் இருந்தன. 2021 கணக்கெடுப்புப்படி தங்களை ஆதிகுடி அல்லது டாரஸ் நீரிணைத் தீவினர் என்று பதிந்தவர்கள் 8,12,728 பேர், மொத்த மக்கள்தொகையில் 3.2 சதவீதம். வடக்கே ஆர்ன்ஹம் லேண்டில் வாழும் யோல்ங்கு ஆளையும், சிட்னி புறநகரில் பிறந்து வளர்ந்த பெண்ணையும், மொழி போய் மிஷன் குடியிருப்பில் வளர்ந்த கமிலராய்ப் பையனையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது.

கேமரா அங்கே ரொம்ப சீக்கிரமே போய்விட்டது. 1898ல் ஹாடன் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் டாரஸ் நீரிணையின் மெர் தீவில் சில நிமிடங்கள் படம்பிடித்தார். 1901ல் பால்ட்வின் ஸ்பென்சர் மத்திய ஆஸ்திரேலியாவில் அர்ரெர்ன்ட மக்களின் சடங்குகளைப் படமாக்கினார். ஸ்பென்சர் படமாக்கியவற்றில் சில, தகுதி பெற்ற ஆண்கள் மட்டுமே பார்க்கலாம் என்ற கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. அதனால் இன்றைக்கு அவற்றை நினைத்தவர்களெல்லாம் எடுத்துப் போட்டுப் பார்க்க முடியாது. பதிவு செய்தவனுக்கு அந்த அனுமதி இருந்ததா என்ற கேள்வி அன்று எழவே இல்லை.

சரி, கதைப்படத்துக்கு வருவோம். 1955ல் சார்லஸ் ஷோவெல் எடுத்த 'ஜெடா'. ஆஸ்திரேலியாவின் முதல் வண்ணக் கதைப்படம், கேன்ஸ் போட்டிக்குப் போனது. கடைசி ரீல் நெகட்டிவ் ஒரு விமான விபத்தில் எரிந்துபோக, அந்தக் காட்சிகளை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி சிட்னி பக்கத்து மலையில் மறுபடி எடுத்தார்கள். கதை இதுதான். மாட்டுப்பண்ணை முதலாளியின் மனைவி தன் குழந்தையைப் பறிகொடுத்தவள், தாயில்லாத ஓர் ஆதிகுடிக் குழந்தையை எடுத்து வளர்க்கிறாள். பிள்ளைக்கு பியானோ உண்டு, எழுத்து உண்டு, தன் ஆட்களோடு காட்டுக்குப் போக மட்டும் அனுமதி இல்லை. வளர்ந்தபின் ஒரு காட்டு இளைஞன் அவளைத் தூக்கிப் போகிறான், முடிவில் இருவரும் மலையுச்சியிலிருந்து விழுந்து சாகிறார்கள். காட்டுக்கும் போக முடியாது, வீட்டிலும் ஒட்ட முடியாது, ஆகவே சாவு. அந்தக் காலத்தில் அரசே கலப்புப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெள்ளையர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்த்துக்கொண்டிருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், இது வெறும் காதல் கதையாகத் தெரியாது.

நாயகியாக நடித்தவர் ரோசலி குனோத் என்ற பள்ளிக்கூடத்துப் பெண். ரோசலி என்ற பெயர் போதுமான அளவு 'ஆதிகுடி' மாதிரி இல்லையாம், அதனால் டைட்டிலில் அவர் 'நார்லா குனோத்'. கதையைச் சொல்லும் கலப்பினப் பாத்திரத்தில் நடித்தவரோ மேக்கப் போட்ட வெள்ளைக்காரர். உண்மையான ஆளுக்குப் பொய்ப் பெயர், பொய்யான ஆளுக்கு உண்மையான நிறம்.

ஆனாலும் 'ஜெடா'வில் ஒரு இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த இளைஞன் அவளைத் தன் மக்களிடம் கூட்டிப்போகும்போது பெரியவர்கள் அவனைத் தண்டிக்கிறார்கள். காரணம் அவள் வெள்ளையர் வீட்டில் வளர்ந்தவள் என்பது கிடையாது, அவள் அவனுக்கு முறை இல்லை என்பது. ஷோவெல் அதைக் காட்டுமிராண்டிச் சட்டம் மாதிரிதான் காட்டினார், அவருக்கு அது கதைத் திருப்பம். ஆனால் தமிழில் வாசிக்கிற உங்களுக்கும் எனக்கும் 'முறை' என்ற ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் இதற்கு அந்த மக்கள் 'ஸ்கின்' என்கிறார்கள். தோல் நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வார்ல்பிரி மக்களிடம் எட்டு ஸ்கின் பிரிவுகள், ஆணின் பெயர் ஜ-வில் தொடங்கும், பெண்ணின் பெயர் ந-வில். ஜுபுருர்லாவின் உடன்பிறந்தவள் நபுருர்லா. ஒருவரின் ஸ்கின் பெயர் தெரிந்துவிட்டால் அவர் எனக்கு மாமனா, பிள்ளை முறையா, பேசவே கூடாதவரா எல்லாம் தெரிந்துவிடும். மாமியாரோடு நேருக்கு நேர் பேசக் கூடாது என்ற விலக்கு அங்கே பல சமூகங்களில் உண்டு. தமிழ் உறவுமுறையையும் ஆஸ்திரேலிய உறவுமுறைகள் சிலவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது மானிடவியலில் பழைய வழக்கம். (இதைச் சொன்னதும் லெமூரியாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். முறைமைகள் ஒத்திருப்பது வேறு, ரத்தசொந்தம் கொண்டாடுவது வேறு.)

'ஜெடா'வுக்கு ஒரு பதில் வர முப்பத்தைந்து வருடம் ஆனது. ட்ரேசி மோஃபட்டின் 'நைட் க்ரைஸ்', இருபது நிமிடத்துக்கும் குறைவான படம். மோஃபட் பிரிஸ்பேனில் வெள்ளைக்கார வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த ஆதிகுடிப் பெண். அவர் கேட்ட கேள்வி சாதாரணமானது: ஜெடா சாகாமல் இருந்திருந்தால்? மலையிலிருந்து விழாமல், நடுத்தர வயதில், அதே பண்ணை வீட்டில் அந்த வளர்ப்புத் தாய்க்குச் சோறு ஊட்டி, கழிப்பறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்வந்து, கால் கழுவிவிட்டுக்கொண்டிருந்தால்? வசனமே இல்லை, மூச்சும் கரண்டிச் சத்தமும் தூரத்து ரயிலும்தான். மகளுக்கு எரிச்சல் வருகிறது, வெறுப்பு வருகிறது, கிழவி இறந்ததும் பக்கத்தில் குழந்தை மாதிரி சுருண்டு படுத்து அழுகிறாள். இந்த உறவை அன்பு என்று சொல்வதா, சிறை என்று சொல்வதா? ஸ்டுடியோவில் போட்ட செட், நாடக மேடை மாதிரி ஊதாவும் ஆரஞ்சுமாக வானம். நடுவில் ஜிம்மி லிட்டில் என்ற யோர்ட்டா யோர்ட்டாப் பாடகர் தன் 1960களின் ஹிட் பாட்டான 'ராயல் டெலிஃபோனை' அமைதியாகச் சிரித்துப் பாடுகிறார், கடவுளோடு போனில் பேசலாம் என்கிற பக்திப் பாட்டு. சிரிப்பதா முகம் சுளிப்பதா தெரியாது.

அந்த மகளாக நடித்தவர் மார்சியா லாங்டன், மானிடவியல் பேராசிரியர். திரைப்படமும் ஆதிகுடி மக்களும் பற்றி 1993ல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையில் இன்றும் எல்லோரும் கைவைக்கும் இடம். அவர் வாதம் சுருக்கமாக: பெரும்பாலான ஆஸ்திரேலியர்களுக்கு ஆதிகுடி மனிதர்களோடு உறவு இல்லை, முன்னோர் சொல்லிவைத்த கதைகளோடுதான் உறவு. அதே கட்டுரையில் இன்னொன்றும் சொல்கிறார், ஆதிகுடி ஆள் எடுத்தாலே படம் உண்மையாகிவிடும் என்று நம்புவதும் அப்பாவித்தனம்தான் என்று. இந்த இரண்டாவதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் யார் எடுப்பது என்பதோடு எப்படி எடுப்பது என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இதற்கு 1982ல் வந்த 'டூ லாஸ்' ஒரு வேடிக்கையான விடை சொன்னது. கார்பென்டேரியா வளைகுடா ஓரம் போரலூலா என்ற ஊர். கரோலின் ஸ்ட்ராச்சன், அலெஸாண்ட்ரோ கவதீனி என்ற இரண்டு வெளியாட்கள் ஊர்க்காரர்களோடு தங்கி, என்ன எடுப்பது எப்படி எடுப்பது என்று கூட்டம் போட்டு முடிவுசெய்து எடுத்தார்கள். ஊர்க்காரர்கள் தேர்ந்தெடுத்தது அகலமான வைட் ஆங்கிள் லென்ஸ். ஏனென்றால் அங்கே ஒருவர் தனியாகப் பேசுவதில்லை, அவர் பேசும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த நிலத்துக்கு உரியவர் எவ்வளவு தள்ளி இருக்கிறார் என்பதெல்லாம் பேச்சின் பகுதி. முகத்தை மட்டும் க்ளோஸப்பில் வெட்டி எடுத்தால் சாட்சி போய்விடும். 1933ல் போலீஸ் தங்கள் ஆட்களை அடித்து இழுத்துப்போனதை ஊர்க்காரர்களே நடித்துக் காட்டுகிறார்கள், நடுவில் சிரித்துக்கொள்கிறார்கள், மறுபடி நடிக்கிறார்கள். டாக்குமெண்டரி இலக்கணம் தெரிந்தவர்களுக்கு முதல் அரைமணி நேரம் பொறுமை போகும். எனக்கும் போனது.

அதே சமயத்தில் பாலைவனத்தில் யுவெண்டுமு என்ற வார்ல்பிரிக் குடியிருப்பு தானாகவே தொலைக்காட்சி நடத்த ஆரம்பித்திருந்தது. 1985ல் செயற்கைக்கோள் வழியாக சிட்னி நிகழ்ச்சிகள் வந்து கொட்டப்போகின்றன என்று தெரிந்ததும், உரிமம் இல்லாமலே ஒளிபரப்பில் இறங்கினார்கள். எரிக் மைக்கேல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அங்கே இருந்து கவனித்தார். ஃபிரான்சிஸ் ஜுபுருர்லா கெல்லி 1928ல் போலீஸ் ஆதிகுடி மக்களைச் சுட்டுக்கொன்ற கோனிஸ்டன் படுகொலை நடந்த இடத்தை வீடியோ எடுக்கிறார், கேமரா மெதுவாக வெறும் நிலத்தின் மேல் நகர்கிறது, ஒன்றுமே நடக்கவில்லை. கேட்டால், மூதாதையர் எந்தத் திசையிலிருந்து வந்தார்கள், தப்பியவர்கள் எந்த மரத்தின் பின் ஒளிந்தார்கள், போலீஸ் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால், திரையில் தெரியாமல், உரிய முறைக்காரர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். அவர்கள் நின்றால்தான் கதை செல்லும்.

இதெல்லாம் பயங்கர சீரியஸாகத் தெரிந்தால் அதே கெல்லியும் டேவிட் பாட்டியும் எடுத்த 'புஷ் மெக்கானிக்ஸ்' பாருங்கள். பஞ்சரான டயருக்குள் முட்புல்லைத் திணித்து ஓட்டுவது, முல்கா மரத்தைச் செதுக்கி பிரேக்கைச் சரிசெய்வது என்று வார்ல்பிரி பையன்கள் ஓட்டைக் காரோடு அடிக்கிற கூத்து. எந்த 'அடையாள'ப் படத்தையும்விட இதில் அந்த ஊரின் குணம் அதிகமாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

யோல்ங்கு முறையும் சினிமாவும் நேருக்கு நேர் சந்தித்தது 2006ல் வந்த 'டென் கனூஸ்'ஸில். குல்பிலில்தான் இயக்குநர் ரால்ஃப் டி ஹீரிடம் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினார்: சதுப்பு நிலத்தில் மரப்பட்டைத் தோணிகளில் நிற்கும் பத்து ஆண்கள். டொனால்ட் தாம்சன் என்ற ஆய்வாளர் 1930களில் அராஃபுரா சதுப்பில் எடுத்தது. ராமிங்கினிங் ஊரில் அந்தக் காலத்தையே 'தாம்சன் காலம்' என்பார்கள். நடிகர் தேர்வு என்று ஒன்று நடக்கவே இல்லை. படத்தில் இருப்பவர் என் தாத்தா, ஆகவே அவர் வேடம் எனக்கு என்று ஊர்க்காரர்கள் முடிவுசெய்தார்கள். கணவன் மனைவியாக நடிப்பவர்கள் நிஜத்திலும் அந்த முறை வர வேண்டும், இல்லாவிட்டால் நடிக்க முடியாது. குல்பிலிலின் மகன் ஜேமி நடித்தார், குல்பிலில் கதை சொல்லும் குரல். ஊரைச் சேர்ந்த பீட்டர் ஜிகிர் இணை இயக்குநர்.

நிறத்திலும் ஒரு தகராறு. ஊர்க்காரர்களுக்கு மூதாதையர் காலம் என்றால் தாம்சன் புகைப்படங்களின் கறுப்பு வெள்ளைதான், அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்கள். பணம் கொடுத்தவர்களின் ஒப்பந்தத்திலோ வண்ணப் படம் என்று இருந்தது. கடைசியில் வாத்து முட்டை எடுக்கப் போகும் தாம்சன் காலக் கதை கறுப்பு வெள்ளை, அதற்குள் அண்ணன் தம்பிக்குச் சொல்லும் ஆதிகாலக் கதை வண்ணம். வழக்கமாக சினிமா செய்வதற்கு நேர் எதிர். தம்பிக்கு அண்ணனின் மூன்றாவது மனைவி மேல் கண், அதைத் திட்டாமல் ஒரு கதையால் அண்ணன் சரிசெய்யப் பார்க்கிறார், கதையோ கிளை கிளையாக நாள்கணக்கில் போகிறது. ஆரம்பத்திலேயே குல்பிலில் ஆங்கிலத் தேவதைக் கதை மாதிரி 'முன்னொரு காலத்தில்' என்று தொடங்கி, தானே சிரித்து, இது அப்படி இல்லை, இது என் கதை என்கிறார். வரிசையில் நடந்து போகிறவர்களில் யாரோ குசு விட்டான் என்று கடைசி ஆள் சண்டை போடுகிறான். கேன்ஸில் அன் சர்ட்டன் ரிகார்ட் பிரிவின் சிறப்பு ஜூரி விருது வாங்கிய படம் இது. பாத்திரங்கள் எல்லாரும் ஆதிகுடி மொழிகளிலேயே பேசும் முதல் ஆஸ்திரேலியக் கதைப்படமும் இதுதான்.

மொழி இருக்கும் இடத்தில் இப்படி. மொழி பறிபோன இடங்களில்? நியூ சவுத் வேல்ஸின் ப்ரூவாரினாவில் எஸ்ஸி காஃபி என்ற முருவாரிப் பெண் 1978ல் தன் ஊரையும் தன் பிள்ளைகளையும் வைத்தே 'மை சர்வைவல் அஸ் அன் அபாரிஜினல்' எடுத்தார். ஆதிகுடிப் பெண் ஒருவர் இயக்கிய முதல் டாக்குமெண்டரியாக அதைக் குறிப்பிடுகிறார்கள். பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போய் எதைத் தின்னலாம், எதை எப்படிப் பிடிக்கலாம் என்று காட்டுகிறார். குடியும் போலீஸும் வேலையின்மையும் மறைக்கப்படவில்லை. 1988ல் புதிய நாடாளுமன்றத்தைத் திறக்க எலிசபெத் அரசி வந்தபோது இந்தப் படத்தின் பிரதியைத்தான் அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தத் துணிச்சலை நான் ரொம்ப ரசிக்கிறேன்.

ஐவன் சென்னின் 'பினீத் க்ளவுட்ஸ்' (2002) இன்னொரு சிக்கலை எடுத்துக்கொள்கிறது. லீனாவின் அம்மா ஆதிகுடி, அப்பா ஐரிஷ்காரர். வெளுத்த தோல், நீலக் கண். அப்பாவைத் தேடி சிட்னிக்கு நெடுஞ்சாலையில் நடக்கிறாள். சிறுவர் சிறையிலிருந்து தப்பிய வான் என்ற பையன் துணைக்கு வருகிறான், அவளை வெள்ளைக்காரி என்றே நினைக்கிறான், அவளும் மறுப்பதில்லை. வழியில் ஒரு காரில் இடம் கிடைக்கிறது, உள்ளே இருக்கும் கிழவி அவளைப் பார்த்துக் கேட்கிறாள்: உன் ஆட்கள் எந்த ஊர்? கிழவிக்குத் தோல் நிறம் கண்ணில் படவில்லை. நம் பாட்டிகள் 'யாரு வீட்டுப் பிள்ளை நீ' என்று கேட்பார்களே, அதே தொனி. அந்த மக்களின் ஆங்கிலத்தில் ஆட்களுக்கு 'மாப்', சொந்த நிலத்துக்கு 'கன்ட்ரி'. இந்த இரண்டையும் சொல்லத் தெரிந்தால் நீ யார் என்று சொல்லிவிட்டாய். லீனாவால் அந்த இடத்தில் பதில் சொல்ல முடிவதில்லை.

ஐவன் சென் பிறகு எடுத்த 'டூமேலா' (2011) அவர் அம்மா வளர்ந்த மிஷன் குடியிருப்பிலேயே ஊர்க்காரர்களை வைத்து எடுத்தது. பத்து வயதுப் பையன் உள்ளூர் போதைமருந்து வியாபாரியிடம் எடுபிடியாகச் சேர்கிறான். அவர்கள் பேசுவது ஆங்கிலம்தான், ஆனாலும் கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடுகிறது. சிறுவயதில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட ஒரு பாட்டி வயதான பின் ஊர் திரும்பி, பெரிதாக எதுவும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். படத்தில் எனக்கு மறக்காதது அவர்தான்.

வார்விக் தார்ன்டனின் 'சாம்சன் அண்ட் டெலைலா' (2009) கேன்ஸில் முதல் பட இயக்குநருக்கான கேமரா டோர் வாங்கியது, ஆகவே அவ்வளவு தெரியாத படம் என்று சொல்ல முடியாது, ஆனால் விளங்காமல் பார்க்கப்படும் படம். போதைக்காகப் பெட்ரோல் முகரும் பையன், பாட்டியோடு புள்ளி ஓவியம் வரையும் பெண், இருவருக்கும் பேச்சு கிட்டத்தட்ட இல்லை. பாட்டி இறந்ததும் டெலைலா தன் முடியை வெட்டிக்கொள்கிறாள், ஊர்ப் பெண்கள் அவளைக் கட்டையால் அடிக்கிறார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இது வெறும் வன்முறை. ஆனால் முடி வெட்டுவதும், சாவுக்குப் பொறுப்பானவர்களைத் தண்டிப்பதும் 'ஸாரி பிஸினஸ்' என்கிற துக்கமுறையின் பகுதி. தார்ன்டன் அதைக் காட்டுகிறார், விளக்கவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் கொஞ்சம் திணறட்டும் என்று விட்டுவிடுகிறார். அவர் அம்மா ஃப்ரெடா க்ளின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1980ல் தொடங்கிய காமா என்ற ஆதிகுடி வானொலி அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர். மகன் அங்கே இரவு நேர வானொலியில் வேலை பார்த்தவர். யாருக்காகப் பேசுகிறோம் என்ற தெளிவு அங்கே வந்திருக்கும்.

விருது வாங்கும் படங்களில் போதை, சிறை, சாவு அதிகம் என்ற குறை எனக்கும் உண்டு. திருவிழாக்கள் அதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் ரிச்சர்ட் ஃப்ராங்க்லண்டைப் போல, காவலில் நடந்த 99 ஆதிகுடி மரணங்களை விசாரித்த அரச ஆணையத்தில் புலனாய்வாளராக வேலை பார்த்துவிட்டு, 1996ல் 'நோ வே டு ஃபர்கெட்' என்ற குறும்படம் எடுத்தவரிடம் போய் கொஞ்சம் சந்தோஷமாக எடுக்கக் கூடாதா என்று எப்படிக் கேட்பது?

எல்லாவற்றையும்விட நான் அடிக்கடி திரும்பப் பார்ப்பது ஒரு மணி நேரம்கூட ஓடாத ஒரு பாட்டுப் படம், ரேச்சல் பெர்கின்ஸின் 'ஒன் நைட் த மூன்' (2001). 1932ல் நடந்த சம்பவத்தை ஒட்டியது. நிலா வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி ஜன்னல் வழியாக இறங்கி நடந்து காணாமல் போகிறாள். தடம் பார்க்கத் தெரிந்த ஆதிகுடிக்காரர் ஆல்பர்ட் வருகிறார், என் நிலத்தில் கறுப்பன் கால்வைக்கக் கூடாது என்று அப்பா திருப்பி அனுப்புகிறார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்துகொண்டே பாடுகிறார்கள். வேலி வரைக்கும் இந்த நிலம் என்னுடையது என்கிறார் அப்பா. இந்த நிலம்தான் நான் என்கிறார் ஆல்பர்ட். மாதங்கள் கழித்து, புருஷனுக்குத் தெரியாமல், அம்மா மட்டும் ஆல்பர்ட்டைத் தேடிப் போகிறாள். இருவரும் நடக்கிறார்கள், குழந்தையின் எலும்பு கிடைக்கிறது.

இந்தக் கதைக்கு மூலம் அலெக்சாண்டர் ரைலி என்ற தடம் பார்ப்பவர், டப்போ ஊரில் போலீஸில் வேலை பார்த்தவர். அவரைப் பற்றி முதலில் டாக்குமெண்டரி எடுத்தது அவருடைய பேரன் மைக்கேல் ரைலி.